விழுந்த கையை எது எழுப்பும்? பக்கவாதத்துக்குப் பிந்தைய கைப்பயிற்சியில் ரோபோவும் மெய்நிகர் விளையாட்டும்

பக்கவாதம் தாக்கியவர்களில் பலர் மூன்று நான்கு மாதங்களில் கம்பு ஊன்றியாவது நடந்துவிடுகிறார்கள். கைதான் பின்தங்கிவிடுகிறது. தோள் கொஞ்சம் அசையும், முழங்கை மடங்கும். விரல்கள் மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டு அப்படியே இறுகிப்போகும். நடப்பதற்குக் காலை விறைப்பாக ஊன்ற முடிந்தாலே பாதி வேலை முடிந்தது. சோற்றைப் பிசைந்து, கூட்டி, கட்டை விரலால் வாய்க்குள் தள்ள வேண்டுமானால் ஐந்து விரல்களும் தனித்தனியாக இயங்கியாக வேண்டும். அந்தத் தனித்த இயக்கத்துக்கான கட்டளை, மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் ஒரு நரம்புப் பாதையைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறது. அந்தப் பாதை பலமாகச் சேதப்பட்டால் மாற்று வழிகள் குறைவு.

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி போன்ற ஊரில் இதோடு பிழைப்பும் சேர்ந்து நின்றுபோகிறது. தறி, பூக்கட்டு, பருத்தி எடுப்பு, திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலங் கரிமூட்டம் என்று இந்த மானாவாரிக் கரிசல் சீமையின் வேலைகள் எல்லாமே இரண்டு கை கேட்பவை. பூக்கட்டுபவர் ஒரு கையால் மொட்டுகளை எதிரெதிராக வைத்துப் பிடிக்க, மறு கை நாரைச் சுற்றி முடிச்சு இறுக்க வேண்டும். ஒரு கை நின்றால் நல்ல கைக்கும் வேலை இல்லை.

விழுந்த கையை எது எழுப்பும் என்ற கேள்விக்குத் தைலம் முதல் ரோபோ வரை விடைகள் வந்திருக்கின்றன. கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த இரண்டு விடைகள், எந்திரம் கொண்டு கையை இயக்குவதும் திரைக்குள் ஓர் உலகத்தைக் காட்டிக் கையை இயங்க வைப்பதும், நம் ஊர் மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகளுக்கும் வந்துவிட்டன. அவற்றின் பின்னால் உள்ள சான்று எவ்வளவு உறுதியானது, அந்தச் சான்று கரிசல் காட்டுக்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

பழைய விடைகள்

“வாதம் அடிச்சிருச்சு” என்றதும் ஊரில் முதலில் தேடுவது எண்ணெயைத்தான். சித்த மருத்துவத்தில் பக்கவாதத்துக்கு உள்மருந்தோடு தொக்கணமும் வர்மமும் உண்டு. தேய்த்துப் பிடித்துவிடுவது இறுகிய தசையைத் தளர்த்தலாம், வலியைக் குறைக்கலாம். வீட்டார் கை தினமும் நோயாளியின் மேல் படுவதே பெரிய ஆறுதல். ஆனால் தேய்க்கும்போது அசைவது தேய்ப்பவரின் கை. நோயாளியின் மூளை அந்த அசைவுக்குக் கட்டளை எதையும் அனுப்புவதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் விலை உயர்ந்த ரோபோக்களும் இதே இடத்தில்தான் சறுக்குகின்றன. புறா இரத்தத்தைத் தடவும் வழக்கமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன் பெரிய கேடு, முதல் சில மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர வேண்டியவரைத் தாமதப்படுத்துவது.

நவீன மருத்துவத்தின் விடைகளும் நெடுநாள் நம்பிக்கையின் மேலேயே நின்றன. 1951-ல் அமெரிக்க நரம்பியலாளர் தாமஸ் ட்விட்செல், கை எந்த வரிசையில் மீள்கிறது என்று நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து எழுதினார். முதலில் துவண்ட நிலை, பிறகு விறைப்பு, பிறகு எல்லா மூட்டும் ஒன்றாக மடங்கும் கூட்டு அசைவு, கடைசியில்தான் தனித்த அசைவு. அந்தக் கூட்டு அசைவைப் படியாகப் பயன்படுத்தலாம் என்றார் சிக்னே புருன்ஸ்ட்ரோம். அதை அடக்கிச் சரியான அசைவையே பழக்க வேண்டும் என்றனர் லண்டனில் இருந்த பெர்தா, காரெல் போபாத் தம்பதியர். இன்றும் பல பிசியோதெரபி மையங்களில் போபாத் முறைதான் நடக்கிறது. ஒன்று மற்றதைவிட மேலானது என்பதற்குப் பின்னாளைய ஒப்பீடுகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்தத் தேக்கத்தை உடைத்தவர் எட்வர்ட் டாப். ஒரு கையின் நரம்புணர்வை நீக்கிய குரங்குகள் அந்தக் கையைப் பயன்படுத்தாமலே விடுவதையும், நல்ல கையைக் கட்டிப்போட்டால் மீண்டும் பயன்படுத்துவதையும் அவர் கண்டார். மனிதருக்கும் நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையாலேயே வேலை வாங்கும் முறை அதிலிருந்து பிறந்தது. 222 பேரை வைத்து நடந்து 2006-ல் வெளியான எக்சைட் ஆய்வில் அது தெளிவான பலன் காட்டியது. ஆனால் அந்த ஆய்வில் சேர மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது தாமாக நிமிர வேண்டும். விரல் அறவே திறக்காதவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நம் ஊர்களில் வீட்டோடு முடங்கிக் கிடப்பவர்களில் பெரும்பகுதி அந்த வாசலுக்கு வெளியே இருப்பவர்களாகவே இருக்கக்கூடும்.

எண்ணிக்கையின் கதை

ரோபோவை அழைத்து வந்தது ஓர் எளிய கணக்கு. கையசைவு கற்பதற்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். குரங்குகளை வைத்து நடந்த மூளை ஆய்வுகளில் விலங்குகள் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை கையை நீட்டி உணவை எடுத்தன; அப்போதுதான் புறணியில் கைக்கான பகுதி மாறியது. நோயாளிகள் எத்தனை முறை செய்கிறார்கள்? கேத்தரின் லாங் குழுவினர் அமெரிக்க, கனடா மருத்துவமனைகளில் சிகிச்சை நேரத்தில் உட்கார்ந்து எண்ணினார்கள். 2009-ல் வந்த விடை: ஓர் அமர்வில் கைக்கான பயன்பாட்டு அசைவு சராசரியாக 32. நூற்றுக்கணக்குக்கும் 32-க்கும் இடையிலுள்ள இந்தப் பள்ளத்தை மனிதக் கையால் நிரப்ப முடியாது, எந்திரத்தால் முடியும் என்பதே வாதம்.

அந்த எந்திரம் அதற்கு முன்பே தயாராக இருந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகனும் ஹெர்மானோ இகோ கிரெப்ஸும் 1990-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.-மானுஸ் என்ற ரோபோவை உருவாக்கினார்கள். நோயாளி மேசை முன் அமர்ந்து கைப்பிடியைப் பிடித்துத் திரையில் தெரியும் புள்ளியை நோக்கித் தள்ளுவார். முடிந்தவரை அவர் தள்ள, மீதியை ரோபோ முடித்துத் தரும். ஓர் அமர்வில் ஆயிரம் அசைவு வரை சாத்தியம்.

பெரிய சோதனை 2010-ல் வந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 127 பேர், பக்கவாதம் வந்து சராசரியாக நாலரை ஆண்டுக்கு மேல் ஆனவர்கள், 12 வாரத்தில் 36 அமர்வுகள். ஒரு குழுவுக்கு ரோபோ. இன்னொரு குழுவுக்கு அதே அளவு அசைவை மனிதரே செய்ய வைத்த தீவிரப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. 12 வாரத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. 36 வாரத்தில் ரோபோ குழு, வழக்கமான கவனிப்புக் குழுவைவிட கையியக்கத்தை அளக்கும், 66 மதிப்பெண் கொண்ட ஃபூகல்-மேயர் அளவுகோலில் ஏறத்தாழ 3 மதிப்பெண் முந்தியிருந்தது. தீவிரப் பயிற்சிக் குழுவை முந்தவில்லை. அதாவது, எண்ணிக்கை சமமாக இருந்தால் ரோபோவும் மனிதரும் சமம். அந்த எண்ணிக்கையில் தீவிரப் பயிற்சி தருகிற அளவுக்கு ஆட்களும் நேரமும் எந்த நாட்டு மருத்துவமனையிலும் அன்றாடம் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம். என் பார்வையில் அதுதான் முக்கியமான விஷயம்.

2019-ல் பிரிட்டனின் ராட்டுல்ஸ் ஆய்வு இதைவிடக் கடுமையான செய்தியைக் கொண்டுவந்தது. 770 பேர் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரிக்கப்பட்டார்கள். ரோபோ, மனிதர் தரும் கூடுதல் கைப்பயிற்சி, வழக்கமான கவனிப்பு. முதல் இரண்டு குழுவுக்கும் வாரம் மூன்று முறை 45 நிமிடம் வீதம் 12 வாரம். கையால் வேலை செய்வதில் குறிப்பிட்ட அளவு முன்னேறியவர்கள் ரோபோ குழுவில் 44 சதவீதம், கூடுதல் பயிற்சிக் குழுவில் 50, வழக்கமான கவனிப்பில் 42. வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. ஆறு மாதச் செலவோ ரோபோ குழுவில் ஒருவருக்குச் சராசரியாக 5,387 பவுண்டு, வழக்கமான கவனிப்பில் 3,785 பவுண்டு. தசைக் கட்டுப்பாட்டை அளக்கும் மதிப்பெண்ணில் ரோபோ குழு சற்று மேலே இருந்தது. ஆனால் அந்த மேம்பாடு டம்ளரை எடுப்பதாகவோ சட்டை மாட்டுவதாகவோ மாறவில்லை.

இதற்கு ஓராண்டு முன்புதான், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 45 சோதனைகளையும் 1,619 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்து, எந்திரப் பயிற்சி அன்றாடச் செயல்பாட்டையும் கைவலுவையும் ஓரளவு கூட்டுகிறது என்று சொல்லியிருந்தது. சிறு சோதனைகளின் கூட்டுத்தொகை ஒன்று சொல்ல, ஒற்றைப் பெரிய சோதனை இன்னொன்று சொல்கிறது. இரண்டையும் ஒப்புக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. மேசை மேல் நேர்கோட்டில் தள்ளப் பழகிய கை, மேசை மேல் நேர்கோட்டில் தள்ளுவதில் தேறுகிறது. அந்தத் தேர்ச்சி அடுப்படிக்குத் தானாக வந்துவிடுவதில்லை.

எண்ணிக்கை என்ற அடித்தளத்திலும் விரிசல் உண்டு. அதே கேத்தரின் லாங் 2016-ல் 85 பேருக்கு மொத்தம் 3,200, 6,400, 9,600 அசைவுகள் என்று ஏற்றி ஏற்றிக் கொடுத்துப் பார்த்தார். கூடுதல் எண்ணிக்கை கூடுதல் பலன் தரவில்லை. எதிர்ப்பக்கம், லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் மூன்று வாரத்தில் 90 மணி நேரம் பயிற்சி பெற்ற 224 பேர், பக்கவாதம் வந்து வெகுகாலம் ஆன பின்னும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டதாக 2019-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. தொண்ணூறு மணி நேரமும் தேர்ந்த சிகிச்சையாளர்கள் நோயாளியின் சொந்த வேலைகளையே பழக்கினார்கள். ஆக, எத்தனை முறை என்பதோடு எதை, எவர் பார்க்க என்பதும் கணக்கில் வருகிறது.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து தலைக்கவசம் வரை

மெய்நிகர் உலகத்தின் எளிய வடிவத்தை முதலில் கையாண்டவர்களில் ஒருவர் தமிழர். விளையனூர் எஸ். ராமச்சந்திரன் 1990-களில், துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்பவர்களுக்காக ஒரு கண்ணாடியைப் பெட்டியில் நிறுத்தி வைத்தார். நல்ல கையின் பிம்பம், இல்லாத கை இருக்கும் இடத்தில் தெரியும். எரிக் ஆல்ட்ஷுலரும் ராமச்சந்திரன் உள்ளிட்ட குழுவினரும் 1999-ல் இதைப் பக்கவாத நோயாளிகள் ஒன்பது பேருக்குச் செய்து பார்த்து ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். விழுந்த கை அசைவதாகக் கண் மூளைக்குச் சொல்கிறது; மூளை அதைப் பாதி நம்புகிறது. ஒன்பது பேரில் தொடங்கியது, 2018 காக்ரேன் தொகுப்பில் 62 ஆய்வுகள், 1,982 பேர் என வளர்ந்தது. கையியக்கம், அன்றாட வேலை இரண்டிலும் மிதமான பலன் உண்டு என்பது அதன் தீர்ப்பு. லூதியானா கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜெயராஜ் பாண்டியன் குழு 48 பேரிடம் செய்த ஆய்வு, உடம்பின் ஒரு பக்கத்தையே கவனிக்காமல் விடும் குறைபாட்டுக்கும் கண்ணாடி உதவுவதாக 2014-ல் காட்டியது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும் அதை நிறுத்தி வைக்க ஓர் அட்டைப்பெட்டியும் போதும். இத்தனை மலிவான ஒன்று எந்த விளம்பரப் பலகையிலும் இல்லை என்பது வருத்தம் தருகிறது.

கணினி விளையாட்டின் கதை இவ்வளவு தெளிவாக இல்லை. 2006-ல் நின்டெண்டோ வீ, 2010-ல் மைக்ரோசாஃப்ட் கைனெக்ட் வந்ததும் பிசியோதெரபி மையங்கள் அவற்றை ஆவலோடு வாங்கின. எவ்ரெஸ்ட் என்ற ஆய்வு 2016-ல் ஒரு நேர்மையான கேள்வியைக் கேட்டது. விளையாட்டு எந்திரம் கூடுதல் பலன் தருகிறது என்றால், எதைவிடக் கூடுதல்? 141 பேரில் ஒரு பாதி வீ விளையாடியது. மறு பாதி அதே அளவு நேரம் சீட்டு, பிங்கோ, மரக்கட்டை அடுக்கும் விளையாட்டு ஆகியவற்றை ஆடியது. இரண்டு குழுவும் ஒரே அளவு முன்னேறின. சீட்டுக்கட்டின் விலை என்ன, அந்த எந்திரத்தின் விலை என்ன என்று யோசித்தால் இந்த முடிவின் கனம் புரியும். நம் ஊர் தாயக்கட்டையும் பல்லாங்குழியும் இந்த வரிசையில் தாராளமாக நிற்கலாம். பல்லாங்குழியில் சோழியை அள்ளி ஒவ்வொன்றாக விடுவதற்கு விரல்கள் செய்யும் வேலை, பல கணினி விளையாட்டுகள் கேட்பதைவிட நுட்பமானது.

2017-ல் 72 சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு, வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக மெய்நிகர் பயிற்சி தந்தால் கைக்குக் கூடுதல் நன்மை இல்லை, அதனுடன் சேர்த்துத் தந்தால் நன்மை இருக்கலாம் என்றது. சேர்த்துத் தரும்போது மொத்த நேரமே கூடிவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2025-ல் 190 சோதனைகளோடு வந்த புதுப்பிப்பு சற்றே நம்பிக்கையாகப் பேசுகிறது: மாற்றுப் பயிற்சிகளோடு ஒப்பிட்டாலும் கைக்குச் சிறு பலன் உண்டு. ‘சிறு’ என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். தலையில் மாட்டும் கவசத்தோடு முழுமையாக உள்ளே நுழையும் வகையில் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். தலைசுற்றல், குமட்டல் சிலருக்கு வருகிறது.

ஜான் கிராகவர் குழுவின் 2021 ஆய்வு இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. அவர்கள் டம்ளர், கதவு எதையும் திரையில் காட்டவில்லை. கடலில் நீந்தும் ஒரு டால்ஃபினை நோயாளியின் கையசைவோடு இணைத்தார்கள். ரோபோ கையின் எடையைத் தாங்கிக்கொள்ளும். பக்கவாதம் வந்த சில வாரங்களுக்குள் 24 பேர், மூன்று வாரத்தில் 30 மணி நேரக் கூடுதல் பயிற்சி. வேலை எதையும் குறிவைக்காமல் கையை எல்லாத் திசையிலும் துழாவவிட்டால் அசைவின் தரமே திரும்பும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அதே அளவு நேரம் மனிதர் தந்த பயிற்சியை டால்ஃபின் முந்தவில்லை. ஆனால் வழக்கமான அளவு சிகிச்சை மட்டும் பெற்ற முந்தைய நோயாளிகளோடு ஒப்பிட்டால், இரு குழுவும் கைவேலையில் மேலே இருந்தன. மறுபடி நேரம்தான் பேசுகிறது.

இன்னொரு பலவீனத்தை ஆய்வுகள் அதிகம் பேசுவதில்லை. வீ தயாரிப்பு 2013-லும் கைனெக்ட் தயாரிப்பு 2017-லும் நின்றன. அவற்றை நம்பி மென்பொருள் எழுதியவர்களும் வாங்கி வைத்த மருத்துவமனைகளும் நடுவழியில் நின்றார்கள். விளையாட்டு நிறுவனத்தின் வியாபாரக் கணக்கை நம்பி ஒரு மாவட்டத்தின் மறுவாழ்வுச் சேவையை அமைக்க முடியாது.

எப்போது தொடங்குவது

அலெக்சாண்டர் டிரோமெரிக் நடத்திய இரண்டு ஆய்வுகள் இங்கே முக்கியம். 2009-ல் 52 பேரிடம், பக்கவாதம் வந்து சில நாட்களிலேயே மிகத் தீவிரமாகப் பயிற்சி தந்தபோது மூன்று மாத முடிவில் அவர்கள் மிதமாகப் பயின்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். 2021-ல் 72 பேரிடம், ஒரே 20 மணி நேரக் கூடுதல் பயிற்சியை வெவ்வேறு காலங்களில் தந்தபோது 60 முதல் 90 நாட்களுக்கு இடையில் பெற்றவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. இவை சிறிய ஆய்வுகள். ஆனாலும் இந்தியச் சூழலில் அந்த இரண்டு மூன்று மாதம் எங்கே கழிகிறது என்று கேட்டாக வேண்டும். மருத்துவமனையிலிருந்து சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். கை கற்கத் தயாராக இருக்கும் காலம், வீட்டுத் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் கழிகிறது.

வேலூரின் விடை

தமிழ்நாட்டில் கைக்கு மறுவாழ்வு தரும் மரபு வேலூரில் ஆழமானது. தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தி மறுபடி பழக்கும் வேலையைப் பால் பிராண்ட் 1940-களின் இறுதியில் அங்கே தொடங்கினார். 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். அந்த மண்ணிலிருந்து வந்ததுதான் புளூட்டோ.

வேலூர் சி.எம்.சி.யின் உயிர்ப்பொறியியல் துறையில் சிவகுமார் பாலசுப்பிரமணியனும், சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவி மையமும் சேர்ந்து உருவாக்கிய கைப்பயிற்சி ரோபோ இது. வடிவமைப்பும் முதற்கட்ட மதிப்பீடும் 2021-ல் ஆய்விதழில் வெளியாயின. மேசை மேல் வைக்கும் ஒரு சிறு பெட்டி, உள்ளே ஒரே ஒரு மோட்டார். முன்பக்கம் கைப்பிடிகளை மாற்றி மாற்றிச் செருகலாம். ஒன்று மணிக்கட்டை மேலும் கீழும் மடக்க, ஒன்று பக்கவாட்டில் சாய்க்க, ஒன்று முன்கையைப் புரட்ட, ஒன்று விரல்களை மொத்தமாகத் திறந்து மூட, இன்னொன்று குமிழைத் திருக. திரையில் ஒரு விளையாட்டு ஓடும். நோயாளி முயன்று பார்ப்பார். எட்டாத தூரத்துக்கு மட்டும் மோட்டார் கைகொடுக்கும். அவர் தேறத் தேற உதவி குறையும். கருவி முழுவதுமாகச் செய்து கொடுத்தால் நோயாளி முயல்வதையே விட்டுவிடுகிறார் என்பது இந்தத் துறையின் கசப்பான பாடம். தைலம் தேய்க்கும் கைக்குச் சொன்னதுதான் இங்கேயும்.

ஒற்றை மோட்டார்தான் இதன் பலமும் குறையும். விலை இறங்குகிறது, பழுது பார்ப்பது எளிது, வீட்டு மேசையில் அடங்குகிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு மூட்டுதான் பயில முடியும். பக்கவாதக் கையின் முக்கியத் தொல்லையே தோளைத் தூக்கினால் முழங்கையும் விரலும் சேர்ந்து மடங்கிக்கொள்வது. தனித்தனியாகப் பயின்ற அசைவுகள் ஒன்றுசேர்ந்து ஒரு வேலையாகுமா என்பதைப் பெரிய ஆய்வுகளே சொல்ல வேண்டும். தோளுக்கும் முழங்கைக்கும் அதே கூட்டணி அரீபோ என்ற இன்னொரு கருவியை உருவாக்கி வருகிறது. தில்லி ஐ.ஐ.டி.யும் எய்ம்ஸும் இணைந்து மணிக்கட்டுக்கும் விரலுக்கும் செய்த புறச்சட்டக ரோபோவின் சோதனைகள் ஊக்கம் தருகின்றன. அவையும் சிறு எண்ணிக்கையில் நடந்தவை.

பாளையம்பட்டியிலிருந்து பார்த்தால்

இதுவரை சொன்ன பெரிய சோதனைகள் எல்லாம் ரோபோவை எதனோடு ஒப்பிட்டன? பயிற்சி பெற்ற சிகிச்சையாளரோடு, அல்லது அமெரிக்க, பிரிட்டன் மருத்துவமனைகளின் வழக்கமான கவனிப்போடு. அந்த ‘வழக்கமான கவனிப்பு’ நம் பக்கம் பலருக்கு எட்டாத ஒன்று. பாளையம்பட்டிக்காரருக்கு அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் 2022-ல் திறந்த விருதுநகர் கல்லூரி சுமார் 20 கிலோமீட்டர்; மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை சுமார் 50 கிலோமீட்டர். வாரம் மூன்று நாள் போய்வர வேண்டுமானால், நோயாளியைப் பேருந்தில் ஏற்றி இறக்கக் கூடவே ஒருவர் வர வேண்டும். அவருடைய தறிக்கூலி அன்றைக்கு இல்லை. திருச்சுழிக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கனக்கும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டு வாசலுக்கே பிசியோதெரபியைக் கொண்டுவந்தது பெரிய முன்னேற்றம். வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ற கணக்கில் அவர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? ஒரு வீட்டுக்கு அடுத்த முறை வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும். அந்த இடைவெளியில் வீட்டார்தான் பயிற்சி தர வேண்டும்.

வீட்டார் போதுமா என்று இந்தியாவே பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறது. அட்டென்ட் ஆய்வில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள். ஒரு பாதியின் குடும்பத்தினருக்கு மறுவாழ்வுப் பயிற்சியை எப்படித் தருவது என்று கற்றுக்கொடுக்கப்பட்டது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து இரு குழுவிலும் 47 சதவீதம். 2017-ல் இந்த முடிவு வந்தபோது பலர் மனம் தளர்ந்தார்கள். இதைக் குடும்பத்தின் தோல்வியாகப் படிப்பது நியாயம் இல்லை என்று நினைக்கிறேன். சில நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு, எண்ணவோ திருத்தவோ ஆள் இல்லாமல் விட்டால் எந்தப் பயிற்சியும் நீர்த்துப்போகும். எந்திரத்துக்கு உண்மையான இடம் இருக்குமானால் இங்கேதான் இருக்கும். அது எண்ணுகிறது, சலிப்பதில்லை, தூரத்தில் இருக்கும் சிகிச்சையாளருக்குக் கணக்கு அனுப்புகிறது. ஸ்டீவன் கிரேமர் குழு 2019-ல் 124 பேரிடம் நடத்திய அமெரிக்க ஆய்வில், வீட்டில் கணினி விளையாட்டு வழியாகவும் காணொளி மேற்பார்வையோடும் பயின்றவர்கள், மருத்துவமனைக்கு வந்து பயின்றவர்களுக்கு நிகராக முன்னேறினார்கள். ஃபூகல்-மேயர் மதிப்பெண்ணில் ஏற்றம் வீட்டில் 7.86, மருத்துவமனையில் 8.36. இந்தக் கட்டுரையில் வரும் ஆய்வுகளில் கரிசல் காட்டுக்கு மிகப் பக்கத்தில் வருவது இதுதான்.

இப்போது வீடுகளில் நடப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வது எங்கும் உண்டு. மூடுவது பெரும்பாலோருக்கு முதலில் வந்துவிடுகிறது, வராமல் போவது திறப்பது. பந்து பழக்குவதோ மூடுவதை. உத்தரத்தில் கப்பி மாட்டிக் கயிற்றால் விழுந்த கையை மேலே இழுப்பது இன்னொன்று. 1990-ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், கப்பிப் பயிற்சி செய்தவர்களில் 62 சதவீதம் பேருக்குத் தோள்வலி வந்தது. சிகிச்சையாளர் கையால் அசைத்தவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான். துவண்ட தோள் மூட்டு கிண்ணத்திலிருந்து நழுவி நிற்கும்போது மேலே இழுத்தால் சுற்றியுள்ள தசைநார் நசுங்கும். வலி வந்த கையை நோயாளி பிறகு யாரையும் தொடவிடுவதில்லை. ரோபோ வாங்குவதைப் பற்றிப் பேசும் முன்பே, கப்பியை இறக்கச் சொல்ல ஒரு வீட்டுச் சந்திப்பு போதும்.

அளவுகோலிலும் இடைவெளி உண்டு. ராட்டுல்ஸ் போன்ற ஆய்வுகள் பயன்படுத்தும் சோதனையில் நோயாளி மரக்கட்டையைத் தூக்குவார், ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவார், கோலிக்குண்டை விரல் நுனியில் எடுப்பார். கையால் சோறு பிசைந்து உண்பதை அது அளப்பதில்லை. நம்மிடையே வலக்கை விழுந்தவருக்குப் பந்தியில் உட்காருவதே கூச்சம். இடக்கையால் சாப்பிட நேர்வதைத் தவிர்க்கப் பலர் விசேஷ வீட்டுக்கே போவதில்லை. இடக்கை விழுந்தவருக்குக் கால் கழுவுவதில் பிறர் உதவி வேண்டியிருக்கிறது, அது அதைவிடப் பெரிய வேதனை. திரையில் ஆப்பிள் பறிக்கவைக்கும் விளையாட்டு இவற்றில் எதையும் பழக்குவதில்லை. சேலைக் கொசுவம், வேட்டி முடிச்சு, பூ நார், தறியில் அறுந்த இழையைச் சேர்ப்பது ஆகியவற்றை நம் மென்பொருளாளர்கள் திரைக்குள் கொண்டுவர முடியும். கொண்டுவந்தாலும் பலன் கூடுமா என்பது தனியே சோதிக்கப்பட வேண்டியது. டால்ஃபின் ஆய்வு இந்த எதிர்பார்ப்புக்கு எதிரான கருதுகோளிலிருந்தே தொடங்கியது.

இன்னும் தீராதவை

சான்றுகளை எடைபோட்டால் மூன்று விஷயங்களை ஓரளவு துணிந்து சொல்லலாம். ரோபோவும் மெய்நிகர் பயிற்சியும் தீங்கு அரிதானவை. அதே நேரமும் அதே அசைவும் தரும் தேர்ந்த மனிதரை அவை வெல்வதில்லை. ஆகவே அந்த மனிதரைத் தர முடிகிற இடத்தில் பெருவிலை எந்திரத்தை வாங்குவதற்கு நியாயம் பலவீனமாக இருக்கிறது. அந்த மனிதர் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதே நமக்கு வேண்டிய விடை. அதற்குப் பிரிட்டன் ஆய்வோ அமெரிக்க ஆய்வோ மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு புளூட்டோவை வைத்து, இரண்டாவது மூன்றாவது மாதத்தில் இருக்கும் நோயாளிகளுக்கு அதையும், அதே வட்டாரத்தில் வேறொரு நிலையத்தில் கண்ணாடிப் பெட்டியும் சீட்டுக்கட்டும் வாரம் ஒரு தொலைபேசி விசாரிப்பும் மட்டும் கொடுத்து ஒப்பிட வேண்டும். மலிவான குழு தோற்காமலும் போகலாம். அப்படி நடந்தால் அதுவே நல்ல செய்தி.

எந்திரத்தை யார் வைத்துக்கொள்வது என்பதும் முடிவாகவில்லை. வீட்டுக்கு வாடகை, சுகாதார நிலையத்தில் பொது, பிசியோதெரபிஸ்ட் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றுவது என்று மூன்று வழிகளுக்கும் செலவும் பராமரிப்பும் வேறு. வீட்டில் வைத்தால் பயிற்சி நேரம் யாருக்குக் கிடைக்கும் என்பதும் கேள்வி. கை விழுந்த பிறகும் ஒற்றைக் கையால் அடுப்பு வேலையைத் தொடரும் பெண்ணுக்கு, தினம் ஒரு மணி நேரம் திரை முன் உட்கார வீடு விடுமா என்பதைக் கருவி வடிவமைப்பவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

மிகக் கடினமான கேள்வி, விரல் அறவே அசையாதவர்களைப் பற்றியது. நரம்புப் பாதை முழுவதும் சேதமடைந்தவர்களுக்கு இன்று நம்மிடம் உள்ள எந்தப் பயிற்சியும், மனிதர் தருவதோ எந்திரம் தருவதோ, பயன்படும் கையை மீட்டுத் தருவதாகக் காட்டப்படவில்லை. அவர்களுக்குத் தோள்வலி வராமல் காப்பதும், உள்ளங்கை புண்ணாகாமல் பார்ப்பதும், ஒற்றைக் கையால் உடுக்கவும் உண்ணவும் பழக்குவதும் இன்றைக்கே செய்யக்கூடியவை. அந்தப் பழக்கத்தை எந்த மாதத்தில் தொடங்குவது? சீக்கிரம் தொடங்கினால் விழுந்த கை மறந்துபோகுமோ என்று ஒரு தரப்பு அஞ்சுகிறது. தாமதித்தால் ஆறு மாதம் வீணாக நம்பிக் காத்திருந்தவரின் மனம் உடையும் என்கிறது மறு தரப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எந்த நோயாளிக்கு எது என்று முதல் வாரத்திலேயே பிரித்தறியும் எளிய சோதனை ஒன்று அருப்புக்கோட்டை மருத்துவமனை அளவில் கிடைக்கும்வரை இது ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகத்தான் தீர்மானமாகும்.